அம்பு ஸ்டிக்கர்

பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைத்துவிடுவோம். அம்பு இருந்தால் அது டேமேஜ் பீஸ்.

மகன் பெங்களூரில் போன் ஆப்களுக்குத் திரை வடிவமைக்கிறான். யார் பார்த்தாலும் சட்டென்று புரிய வேண்டும், அதுதான் அவன் வேலையாம். பொங்கலுக்கு வந்தவன், நான் கம்பெனியில் இருந்தபோது புது வாஷிங் மெஷினை இறக்கி வைத்துவிட்டு அன்றே பஸ் ஏறிவிட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு. வந்ததே டேமேஜ் பீஸா என்று துண்டைப் போட்டு மூடிவிட்டுக் கையாலேயே துவைத்தேன்.

"மெஷின் நல்லா ஓடுதுங்களாம்மா?" என்று போனில் கேட்பான்.

"ஓடுது கண்ணு" என்பேன். ஓடவில்லை என்று சொன்னால் மெக்கானிக்கைத்தான் அனுப்புவான், அவன் வரமாட்டான்.

ஆடி நோம்பிக்கு வந்தவன் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதைய அமுக்கோணும்னுதானுங்கம்மா அம்பு ஒட்டுனேன். உங்க பழைய கம்பெனிப் பையிலதான் எடுத்தேன்." அமுக்கினான். மெஷின் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் அவன், நான் வேலை முடிந்து வந்ததும் என் சேலையில் ஒட்டியிருக்கும் அம்புகளை உரித்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, "அம்மா, நான் டேமேஜுங்க" என்று வீடெல்லாம் ஓடுவான். அம்பு என்றால் என்னவென்று அப்போதெல்லாம் இந்த வீட்டில் என்னைத் தவிர அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.