“நாங்க” சொல்லத் தெரியாதவர்

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். பிழையைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். என் தங்கை வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் போதும், எனக்கு வேலை வந்துவிடும்.

பஸ் பணிமனையில் மெக்கானிக். எல்லாருக்கும் அவர் ஸ்பானர். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “இன்னும் ஒரு நட்டுதான், நாம கொஞ்சம் பொறுத்துக்குவோம்” என்று கியர் பாக்ஸுக்கு ஆறுதல் சொல்வார். டிரைவர், இன்ஜின், எல்லாரிடமும் ‘நாம’தான். ‘நாங்க’ அவர் நாக்கில் ஏறவே ஏறாது. அதையாவது சகித்துக்கொள்ளலாம். வீட்டு ஜெபத்திலும், “ஆண்டவரே, இன்னிக்கு நாம நல்லா வேலை செஞ்சோம்” என்றால்?

ஆமென் சொன்ன கையோடு பிடித்துக்கொண்டேன். “மாப்பிள்ள, ஆண்டவர்கிட்ட ‘நாங்க’ன்னு சொல்லணும். ‘நாம’ன்னா அவரையும் நம்ம கூட்டத்துல சேர்த்த மாதிரி ஆயிடும்.”

“சேர்ந்துக்கட்டுமேக்கா. தனியா இருந்து என்ன பண்ணப் போறாரு?”

என் தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அவள் சரியான தூங்குமூஞ்சி. இடி விழுந்தாலும் எழமாட்டாள். தினமும் காலையில் டீயைப் போட்டு வைத்துவிட்டு, அவள் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்புவது ஸ்பானரின் வேலை. கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான்.

பிறகு அவள் வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்ததும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று மூச்சு விட்டோம். எட்டே மாதத்தில் ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். அன்றோடு நான் ஜெபத்தை நிறுத்திவிட்டேன். எனக்கு அவ்வளவு கோபம்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் வலி தாங்காமல் அவள் தலையணை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பானர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவரே, இந்த வலிய நாம எப்படித் தாங்கப் போறோம்?” என்றார். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. கனமான பாகத்தின் மறுமுனையைத் தூக்குகிற ஆளிடம் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். நான் என்னை அறியாமல் கட்டிலின் அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு இரும்பு ஸ்டூல்தான் கிடந்தது.

அன்றைக்கு நான் பிழை திருத்தவில்லை. சிலுவையில் ஆணியடிபட்டவரை வலிக்கு வெளியே நிறுத்திவைக்க எந்த இலக்கணத்தால் முடியும்? ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாடம்தான். அதன் ஆழம் எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் தங்கை போய்விட்டாள். ஸ்பானர் வராந்தா முழுக்கக் கேட்கும்படி அழுதார். யார் தேற்றியும் அடங்கவில்லை.

கல்லறையில் பெட்டியை மூடப்போனார்கள். “கொஞ்சம் இருங்க” என்று அவர் குனிந்து, அவள் பாதத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். விரல் பழக்கத்தில் உள்ளங்காலுக்குப் போனது. சுரண்டவில்லை. துணியை இழுத்து நன்றாகப் போர்த்திவிட்டார்.

“இப்போ தூங்கட்டும் ஆண்டவரே. விடியட்டும், நாம எழுப்பிக்கலாம்.”

பாஸ்டர் கையிலிருந்த புத்தகத்தைப் படிக்காமலே மூடிவிட்டார். மாதக்கணக்கில் ஜெபிக்காதிருந்த நான் எல்லாருக்கும் முன்னால் சத்தமாக “ஆமென்” என்றேன். அந்த ‘நாம’வில் என்னையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.