வாயால் சொல்லாத பதில்

அமெரிக்காவின் டொலீடோ நகரக் கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில்களில் விரிசல் பார்க்கும் வேலை செய்த காலத்தில், வீடு திரும்பியதும் சமையலறை மேசையில் பழைய சுருக்கெழுத்து இயந்திரத்தைத் தட்டித் தட்டிப் பழகியவள் வெர்னா கால்டர். பிறகு இருபத்தேழு ஆண்டுகள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, பிறர் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதினாள். சாட்சியம் எழுதிய பிரதியைக் காசு கொடுத்து வாங்க வழியில்லாமல் ஒருவனுடைய மேல்முறையீடு அப்படியே நின்றுபோனதை ஒருமுறை பார்த்தாள். ஓய்வு பெற்றதும், ஏழைகளின் வழக்குகளுக்கு இலவசமாக எழுதித் தருபவர்களின் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த ஜனவரியில் வந்தது டெஸ்ஸி பாக்ஸ்டரின் வழக்கு. டெஸ்ஸியின் வாடகை வீட்டு ஹீட்டர் கக்கிய நச்சுப்புகையில் அவள் மகள் நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். ஹீட்டர் கெட்டிருந்தது தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றது வீட்டு உரிமையாளர் தரப்பு. மேலாளர் லோமனிடம் முன்பே நேரில் சொன்னதாக டெஸ்ஸி சொன்னாள். அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் மொத்த வழக்கும்.

வழக்கு நீதிமன்றம் ஏறும் முன் சாட்சியம் எடுத்தது ஒரு வக்கீல் அலுவலக அறையில். நீதிபதி அங்கே இருக்கமாட்டார். வெர்னா எழுதித் தரும் தாள்தான் அவருக்குக் கண்ணும் காதும்.

காலையில் டெஸ்ஸியின் முறை. உரிமையாளரின் வக்கீல் விட்லாக் கேட்டார்: "எழுத்துல ஏதாவது குடுத்தீங்களா?"

டெஸ்ஸி தலையைக் குனிந்து இடமும் வலமுமாக ஆட்டினாள்.

"வாயால பதில் சொல்லுங்க மேடம்," என்றாள் வெர்னா. இயந்திரத்துக்குத் தலையாட்டல் தெரியாது. அதைத் தானே அர்த்தப்படுத்தி எழுதும் வழக்கம் வெர்னாவுக்கும் இல்லை.

"இல்ல," என்றாள் டெஸ்ஸி, கேட்டும் கேட்காத குரலில்.

இடைவேளையில் காபி இயந்திரத்தருகே டெஸ்ஸி வந்து நின்றாள். "எங்களுக்காகச் சும்மா வந்து எழுதறீங்கன்னாங்க. நீங்க என்னடான்னா அந்தாளுக்கு எடுத்துக் குடுக்கறீங்க!"

"காசுதான் வாங்கலை மேடம். உங்க பக்கம்னு யார் சொன்னா?"

சொல்லிவிட்டாள். ஆனால் முள் தைத்துவிட்டது.

மதியம் லோமன் உட்கார்ந்தார். டெஸ்ஸியின் வக்கீல் நவோமி ஒரு கேள்வியை முடிப்பதற்குள் அடுத்ததை எடுப்பவள். எழுதுபவரின் விரல் எப்போதும் காதுக்கு நாலு சொல் பின்னால்தான் ஓடும். "நவம்பர்லயே டெஸ்ஸி உங்ககிட்ட நேர்ல வந்து, ஹீட்டர் போட்டா தலை சுத்துதுன்னு சொன்னாங்களா?"

வெர்னா கேள்வியை முடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். லோமன் தலையை மேலும் கீழும் ஆட்டினார். நவோமி தாளைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. இப்போது நிறுத்தினால், காலையில் வாங்கிய பேச்சுக்குச் சரிக்கட்டுகிறேன் என்று ஆகாதா? யோசித்த அந்த ஒரு நொடியில் கேள்விகள் ஓடிவிட்டன. அந்த இடத்தில் ஓர் அடையாளம் மட்டும் போட்டு வைத்தாள்.

இருபது நிமிடம். விரல்கள் தம் பாட்டுக்கு எழுதின. தாளில் கேள்வி இருக்கும், அதன் கீழே வெறுமை இருக்கும். நீதிபதி அதைப் பார்த்து, பதிலே இல்லை என்பார். நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்த பெண்ணுக்கு அந்த வெறுமைதான் மிஞ்சும்.

"அவ்வளவுதான்," என்று நவோமி ஃபைலை மூடினாள். லோமன் கோட்டை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்." வெர்னா நிமிர்ந்தாள். "ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கலை."

விட்லாக் நாற்காலியைத் தள்ளினார். "அது முடிஞ்சுபோன கதை. இத்தனை நேரம் கழிச்சா ஞாபகம் வந்துச்சு? நீங்க அந்தப் பொம்பளைக்கு வேலை பாக்கறீங்களா?"

"அப்பவே கேக்காதது என் தப்பு சார். காலைல உங்க கேள்விக்கும் இதையேதான் கேட்டேன், பதினோராம் பக்கம். படிக்கட்டுமா?"

விட்லாக் நாற்காலியில் சாய்ந்தார். "ஆட்சேபணை. அதையும் எழுதிக்குங்க," என்று முணுமுணுத்தார். வெர்னா எழுதினாள். பிறகு நவோமியின் கேள்வியைத் திரும்பப் படித்தாள், எந்தச் சொல்லிலும் அழுத்தம் விழாமல், பேருந்து நேரம் வாசிப்பது போல.

லோமன் எரிச்சலோடு, "அதான் அப்பவே தலையாட்டினேனே!" என்றார்.

விட்லாக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாயால சார்."

லோமன் கோட்டை மடியில் வைத்தார். வெர்னாவின் விரல்கள் விசைக்கு மேலே காத்திருந்தன. இல்லை என்று சொன்னாலும் அதையேதான் எழுதியாக வேண்டும்.

"ஆமா. சொன்னாங்க."

வாசலில் டெஸ்ஸி அவள் கையைப் பிடிக்க வந்தாள். வெர்னா இயந்திரப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். "எனக்கு நன்றி சொல்லாதீங்க மேடம். அந்தப் பக்கத்துக்காரங்க பாத்துட்டிருக்காங்க."

பத்து நாளில் பிரதி தயாரானது. கடைசித் தாளில் எப்போதும் இருக்கும் உறுதிமொழி: எந்தத் தரப்புக்கும் நான் உறவில்லை, இந்த வழக்கின் முடிவில் எனக்கு அக்கறையில்லை. ஆயிரம் முறை கண்ணை ஓட்டாமல் கையெழுத்துப் போட்ட வரி. இம்முறை பேனா அங்கே நின்றது. அந்த இருபது நிமிடத்தை நினைத்துப் பார்த்தாள். யார் பக்கமும் சாயக் கூடாதென்று வாயை மூடியிருந்ததுதான் சாய்வு; பேசியதல்ல.

கையெழுத்துப் போட்டு, இரண்டு வக்கீல்களுக்கும் ஒரே நேரத்தில் அஞ்சலில் சேர்த்தாள்.