பிள்ளைகளை எங்கே விடுவது

அம்மாவின் தங்கை திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். தொடக்கப் பள்ளியில் டீச்சர். விடுமுறை நாட்களில் சிறுவர் பத்திரிகை ஒன்றுக்குக் கதை எழுதுவாள். சொந்தக் கதை இல்லை. வெளிநாட்டுக் கதைகளை எடுத்து எங்கள் பக்கத்து ஊர்களில் குடியேற்றிவிடுவாள். அவள் கையில் அகப்பட்ட ராஜகுமாரர்கள் தோணி ஏறிக் கொழும்புக்குப் போனார்கள். நூறு வருஷம் தூங்கிய ராஜகுமாரி ஒருத்தி கொற்கையில் கண் விழித்து, கடலைக் காணோமே என்று தேடினாள். இடம் சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கதை எழுதின மாதிரி என்பாள் சித்தி.

எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஒரு கதைக்கு மட்டும் இடம் அமையாமல் இழுத்துக்கொண்டே போனது. சாப்பாட்டுக்கு வழியில்லாத தாய் தகப்பன் தங்கள் இரண்டு பிள்ளைகளையும் காட்டில் விட்டுவிட்டு வந்துவிடுகிற கதை. காட்டுக்கு நாங்கள் எங்கே போவது? பள்ளிக்கூடம் விட்டு வந்து, கட்டுக் கட்டாக நோட்டுத் திருத்தி முடித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே சித்தி என்னையும் தம்பியையும் கேட்பாள்.

"நம்ம பக்கம் பிள்ளைகள எங்கன கொண்டு விட்டா திரும்பி வராதுக?"

எங்களுக்கு அது விளையாட்டாகிப் போனது. துறைமுகம் என்றான் தம்பி. அங்கே யாராவது விசாரித்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். உப்பளம் என்றேன் நான். அது வெட்டவெளி, எங்கே நின்றாலும் ஊர் தெரியும். தீவில் விடலாம் என்றால் வலை போடுகிறவர்கள் தினமும் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள். ஒரு வாரம் யோசித்து நான்தான் கண்டுபிடித்தேன். உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காடு. சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும், காற்றடித்தால் காலடித் தடம் அழிந்துவிடும், எந்தப் பனையும் முன்னால் பார்த்த பனை மாதிரியே இருக்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருந்தேன். கதையில் பிள்ளைகள் காட்டுக்குள் கண்டுபிடிக்கிற மிட்டாய் வீட்டுக்குப் பதிலாகக் கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையை வைத்துக்கொள்ளலாம்.

"சனிக்கிழமை போயிப் பாத்துட்டு வந்துருவோம்ளா" என்றாள் சித்தி.

திருச்செந்தூரில் பஸ் மாறி, உடன்குடி தாண்டி இறங்கும்போது உச்சி வெயில். அடிக்கு அடி கால் மணலில் புதைந்தது. நான் கதையில் வருகிற பிள்ளைகளைப் போல, திரும்பிப் போக அடையாளத்துக்குப் பொரிகடலையை வழிநெடுக உதிர்த்துக்கொண்டு வந்தேன். சித்தி இரண்டு மேடு ஏறியதும், நிழல் என்று சொல்ல முடியாத ஒரு பனை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். "எடம் பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள். அதைச் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

புகையைப் பார்த்து நடந்தபோது குடிசை வந்தது. ஒரு பெண் அடுப்பில் ஓலையைத் தள்ளித் தள்ளிப் பதநீரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மூலையில் சின்னப் பெண்பிள்ளை ஒன்று தூங்கியது. அந்தப் பெண் எங்களை உட்காரச் சொல்லி, சிரட்டையில் சூடாகப் பாகு ஊற்றித் தந்தாள். தான் டீச்சர் என்பதையும் வந்த காரியத்தையும் சித்தி சொன்னாள். கதையையும் சுருக்கமாகச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்கன விட்டா பிள்ளைகளுக்கு வழி தெரியாதுல்லா?" என்று கேட்டேன்.

"எம் பிள்ள வந்துருவாம்ளா. அவனுக்கு இங்க உள்ள பன பூராம் தெரியும்" என்றாள் அவள், கிண்டுவதை நிறுத்தாமல். பிறகு சித்தியைப் பார்த்துச் சொன்னாள். "இந்தா தூங்குறாளே, இவ அப்பா பனையில இருந்து விழுந்து, எந்திரிக்க மாட்டாம கெடக்காவ. மூத்தவன மதுரையில ஒரு ஓட்டல்ல விட்டுருக்கு. வழியப் பாத்து வச்சிக்கிட்டா ஓடியாந்துருவான்லா. அதான் பஸ்ல தலையத் தடவித் தடவித் தூங்க வச்சே கூட்டிட்டுப் போனேன்."

சித்தி கையிலிருந்த சிரட்டையைக் கீழே வைத்தாள்.

"ஒங்க கதையில பிள்ளைக வீட்டுக்கு வந்துருதுகளா, டீச்சர்?"

"வந்துரும்க்கா."

"அப்பம் நல்ல கதைதான்" என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் கொஞ்சம் ஓலையை அடுப்பில் தள்ளினாள்.

திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதைக்கு இடம் கிடைத்துவிட்டது, கூடவே ஒரு நல்ல கட்டமும் கிடைத்துவிட்டது. "சித்தி, பஸ்ஸையும் சேத்துக்கிடுவோம். தூங்க வச்சிக் கூட்டிட்டுப் போறதையும் போட்டுருங்க" என்றேன்.

"செத்த நேரம் பேசாம வாளா" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துக் கதை அச்சில் வந்தது. அதில் தேரி இல்லை, பனை இல்லை. பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்துக் காட்டில், வாயில் நுழையாத பேருள்ள தாய் தகப்பன் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனார்கள்.

"நான் சொன்ன எடம் நல்லா இல்லியா சித்தி?"

"நல்லாத்தான் இருந்துச்சி. தூரத்துக் கத தூரத்துலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்று நோட்டுக் கட்டைப் பிரித்தாள்.

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் அவள் கதைகள் எழுதினாள், ஆனால் எங்களிடம் இடம் கேட்கவில்லை. அத்தனை வெயிலில் நடந்து, அவ்வளவு பொருத்தமான இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தும், மாற்றி எழுத அவளுக்குச் சோம்பல் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.