கரிநாளில் போன டிரங்க் கால்

அரியலூரில் எங்கள் வீட்டு டெலிபோன் பில்லைச் சரிபார்ப்பது என் வேலை. கடலை மண்டி வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பணத்தைக் கட்டுவதோடு சரி.

மகளின் பிரசவத்துக்காகத் திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, அவளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தேன். பில் வந்தது. ஒரே தேதியில் திருச்சிக்கு இரண்டு டிரங்க் கால்! பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அன்று கரிநாள். கரிநாளில் பேசினால் காரியம் விளங்காது என்று அவர் டெலிபோன் இருக்கும் பக்கமே போகமாட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"ரெண்டுமே நம்மளது இல்லைங்க. ஆபீசுல போயி கேட்டுட்டு வரேன்" என்று குடையை எடுத்தேன்.

வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணுதான் தப்புன்னு சொல்லு. இன்னொண்ணு நான் டாக்டரம்மாகிட்ட பேசினது. புள்ள அங்க வலியில கெடக்கிறப்ப கரிநாளாவது கிரிநாளாவது!" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆபீசில் குமாஸ்தா பார்த்துவிட்டு, ஒரே காலை இரண்டு தடவை எழுதிவிட்டதாகச் சொல்லி ஒன்றை அடித்துக் கொடுத்தார்.

இன்றைக்கும் பில்லை வரிவரியாகத்தான் பார்க்கிறேன். ஆனால் சந்தேகம் வந்தால் முதலில் அவரைக் கேட்கிறேன். பஞ்சாங்கத்தைச் சாட்சிக்கு இழுப்பதில்லை.