பாலில் மூழ்கிய சங்கு

இன்று காலை கைதவறிப் பால் பாத்திரத்தில் உப்பு விழுந்துவிட்டது. திரிந்த பாலின் வாடை மூக்கில் ஏறியதும், அப்பா வேலை பார்த்த, இருந்த இடம்கூட இப்போது தெரியாத, கடற்கரை மீன்காட்சிக் கட்டிடத்துக்கு நினைவில் போய்விட்டேன்: எந்நேரமும் ஈரமான தரை, கண்ணாடித் தொட்டிகளின் பச்சை வெளிச்சம், கடல்நீர் சொட்டிக்கொண்டே இருக்கும் சத்தம்.

மீன் என்றாலே முகம் சுளிக்கும் எங்கள் வலியசாலை அக்ரகாரத்தாருக்கு எப்படியாவது கடலுயிர்களைக் காட்டிவிட வேண்டும் என்பது அப்பாவின் பைத்தியம். வீடு திரும்பினால் கிணற்றடியில் குளித்த பிறகுதான் அவரையே உள்ளே விடுவார்கள். ஆனாலும் விழிஞ்ஞத்து வலைக்காரர்களிடம் சொல்லிவைத்து, உயிருள்ள சங்கு ஒன்றை வாங்கித் திறந்த தொட்டியில் விட்டார். சதைக்காலை நீட்டி அது மணலில் ஊர்வதைக் காட்டி, "கும்பிட வேண்டாம், கண்ணால பார்த்தா மதி, அது போதும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் மலையாளம் கலந்து கெஞ்சுவார்.

தெருவே திரண்டு வந்தது, சொம்புகளோடு. அப்பா அடுத்த தொட்டியருகே விளக்கிக்கொண்டிருந்தபோது மாமிகள் சங்குக்குப் பாலாபிஷேகம் செய்துவிட்டார்கள். மறுநாள் தொட்டி முழுக்கத் திரிந்த வாடை. சங்கின் சதை செத்து வெளியே தொங்கியது.

அன்று அப்பா சோற்றைத் தொடவில்லை. அம்மா இலைக்கு எதிரே உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்: "ஏன்னா, இனி அது வெறும் ஓடுதானே? நம்மாத்துப் பூஜைக்குக் கேட்டு வாங்கிண்டு வரப்படாதோ?"