வலியசாலையில் பூமணப் புகையிலை

ஓணம் முடிந்த அடுத்த சனிக்கிழமை திருவனந்தபுரம் போய்வந்தேன். கோயிலுக்கும் அல்ல, கோவளத்துக்கும் அல்ல. பூமணம் ஏற்றிய பைப் புகையிலைகளைப் புகைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இதற்கெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள் இந்தப் பதிவை இத்தோடு விட்டுவிடலாம்.

திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்து பைப் பிடிக்கிறவன் நான் ஒருவன்தான். நன்றாக அமைந்த ஒரு புகையைப் பற்றிப் பேசக்கூட ஆள் கிடையாது. அதனால் வாட்ஸ்அப்பில் நாலு பேர் கொண்ட ஒரு குழுவில் சேர்ந்திருந்தேன். நேரில் கூடலாம் என்று முதலில் எழுதியவர் ஹரிஹரன். வங்கியில் ஓய்வுபெற்றவர், திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு. கொச்சிக்காரரும் பெங்களூர்க்காரரும் முதல்நாள் மாலையே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. சனிக்கிழமை எனக்கு வேறு வேலையும் இல்லை.

ரயில் பாதை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், நாலு மணி நேரம். வள்ளியூர் தாண்டியதும் ஜன்னலில் காற்றாலைகள். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கும்போது பத்தரை மணி, சன்னமான மழை. ஆட்டோக்காரர் தமிழில்தான் பேசினார், களியக்காவிளைப் பக்கமாம்.

"வலியசாலையில யாரைப் பார்க்கணும்? அம்பலத்துக்கா?"

"கோயிலுக்கு இல்லை, ஒரு சிநேகிதர் வீட்டுக்கு."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்த சிநேகிதரின் முகத்தைக்கூட அதுவரை பார்த்ததில்லை.

ஹரிஹரனுக்கு அறுபத்துமூன்று வயது. வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கோ, ஏறி வாங்கோ. நனைஞ்சேளா?" என்று துண்டை நீட்டினார். பேரன் பிறந்ததிலிருந்து மனைவி மகளோடு புணேயில் இருக்கிறார். இவர் மட்டும் இங்கே. பால் விடாத கட்டன்சாயா போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். பின்பக்கம் தகரக் கூரை போட்ட இடம். "நான் பிடிக்கறது தெருவில எல்லாருக்கும் அறியும். ஆனாலும் யார் கண்ணிலயும் படப்படாது, பார்த்தேளா" என்று சிரித்தார்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் வைத்திருந்து கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுவோம், மணம் அங்கேதான் பிடிபடும். பூமணம் பைப்பின் கிண்ணத்தில் அப்படியே தங்கிவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் மக்காச்சோளக் கட்டையில் செய்த ஒரு பைப் கொண்டுபோயிருந்தேன். ரோஜா, லாவெண்டர், வயலட் என்று மூன்று. கூடவே மணமே ஏற்றாத வெறும் புகையிலை ஒன்று. எது எதில் என்று சொல்லாமல் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வதுதான் ஏற்பாடு.

முதலில் வெறும் புகையிலையை நிரப்பிக் கொடுத்தேன். நாலு இழுப்பு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ரோஸ். நல்ல ரோஸ்" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்து உண்மையான ரோஜாவைக் கொடுத்தேன். புகை வந்ததுமே அந்தக் கூரை முழுக்கக் கல்யாண மண்டபமாகிவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைப்பை மெல்லக் கீழே வைத்தார்.

"எனக்கு மணம் கிட்டறதில்லை சார். போன வருஷம் ஒரு பனி வந்துது. பனி போச்சு, மணமும் கூடப் போச்சு. டாக்டர்மாரை எல்லாம் பார்த்தாச்சு. பூமணம்னா கொஞ்சம் கனமா இருக்குமே, ஒண்ணாவது உள்ளே எட்டுமோன்னு ஒரு ஆசை."

பனி என்றால் அங்கே காய்ச்சல். எது உசத்தி என்று சண்டை போட ஒரு ஆள் கிடைப்பார் என்றுதான் அத்தனை தூரம் வந்திருந்தேன்.

"சாரமில்லை, போகட்டும். நீங்க பிடிச்சுண்டு சொல்லுங்கோ, நான் கேக்கறேன்" என்றார்.

சொன்னேன். ரோஜா, கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கும்போது கழுத்தில் விழும் முதல் துளி. புகை சூடானால் பன்னீர் போய்க் காரம் மட்டும் மிஞ்சும். லாவெண்டர், திருநீற்றுப்பச்சிலையைக் கசக்கிச் சோப்புக் கட்டியோடு ஒரே அலமாரியில் பூட்டிவைத்த மாதிரி. பாதிக் கிண்ணத்துக்கு மேல் திகட்டுகிறது. மூன்றிலும் வயலட்தான் உசத்தி. "பவுடர் மாதிரி சார். குளிச்சிட்டு வந்த பொம்பளைங்க கழுத்துல போடுவாங்கல்லா, அது. என் வீட்டுக்காரி போடுவா." அவள் பிரிந்துபோய் ஆறு வருடம். அவளைப் பற்றி யாரிடமும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அவர், அணைந்த என் பைப்புக்குத் தீப்பெட்டியை நகர்த்திக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு நான் கிளம்ப எழுந்ததும், "ஒரு காரியம் கேக்கட்டா?" என்றார். "இந்த வீடு என்ன மணக்கறது? ஆத்துக்காரிகிட்ட போன்ல எல்லாம் கேட்கலாம். இது மட்டும் கேட்க முடியாது."

அறை அறையாகப் போனோம். கூடத்தில் பழைய செய்தித்தாள் வாடை. படுக்கையறையில் கற்பூரம். பிரிட்ஜைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "மாவு கெட்டுப்போச்சு சார்." அவர் பாத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இன்னிக்குக் காலமே இதிலதான் தோசை வார்த்துத் தின்னேன்" என்றார். கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். பிறகு தயங்கித் தயங்கி, "என் மேல?" என்றார்.

தோளருகே குனிந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். "சட்டை சரியாக் காயலை சார். ஈரவாடை அடிக்கு."

"நன்னாச்சு, சொன்னேளே" என்று உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து, பஸ் நிற்கும் முனை வரை கூடவே நடந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அந்த ஊரின் ஈரக்காற்றில் புகையிலை சீக்கிரம் நமத்துவிடும், நிரப்புமுன் அரைமணி நேரம் காகிதத்தில் பரப்பி உலர்த்துங்கள். பொது இடத்தில் புகைத்தால் அபராதம், விடுதி அறையிலும் விடமாட்டார்கள். அதனால் வீடு வைத்திருக்கும் ஒருவரைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு வேளைக்கு இரண்டு வகை போதும், மூன்றாவதற்குள் நாக்கு மரத்துவிடும். இடையில் சர்க்கரை போடாத கட்டன்சாயா குடியுங்கள். பழவங்காடிக் கடைகளில் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ் சூடாகக் கிடைக்கிறது, ஆனால் அதைத் தின்றபின் எந்த மணமும் பிடிபடாது, கடைசியில் வாங்குங்கள்.

ஊர் வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தேன். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று மூச்சை நன்றாக இழுத்தேன். எந்த மணமும் தெரியவில்லை. ஆறு வருடமாகத் தனியே அதற்குள்ளேயே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் உண்டு. யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தபடி செருப்பைக் கழற்றினேன்.