கூல்வென் காதுக்கு எட்டாத விசில்

பிரான்சின் கடலோரக் கோன்கார்னோ ஊரில் கூல்வெனை இசைக்கலைஞன் என்று சொல்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவனேதான், இன்னொருவர் அவன் மனைவி ரோசென். மற்றவர்களுக்கு அவன் பஸ் டிப்போ மெக்கானிக்.

வாலிபத்தில் ஊர் பேண்டில் முன்வரிசையில் நின்று பொம்பார்டு ஊதினான். நாயனத்தைவிடக் காரமான வாத்தியம் அது. ஊதுகிறவன் காதைத்தான் முதலில் தின்னும். பிறகு அதைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, திருகுகள் வைத்த, ஒலியெழுப்பும் மின்சாரப் பெட்டிகளை வாங்கிவந்து சமையலறை மேசை முழுக்கப் பரப்பினான். கீச்சொலி போதவில்லை என்று வருடாவருடம் ஒரே திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனான். தகரத்தை ஊசியால் கீறுகிற மாதிரி ஒரு பாணி அமைந்துவிட்டது. இரண்டு இசைத்தட்டு வந்தது. பாரிஸ் பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் பனிக்கட்டி இசை என்று எழுதினார். வீட்டு நாய் எழுந்து வெளியே போனது. அதற்கு எழுதத் தெரியாது.

வருடாவருடம் ஆகஸ்ட் திருவிழாவில், ஊர் கைகோத்து ஆடுவதற்கு முன், துறைமுக மேடையில் அரைமணி நேரம் அவனுக்கு. விழாத் தலைவர் ஹெர்வே, ரோசெனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மாலை வெயில் கண்ணில் அடிக்க, கூட்டத்தில் உயர்ந்த கைகள் மட்டும் தெரியும். மனம் நிறைந்து இறங்குவான்.

இந்த வருடம், திருவிழாவுக்கு முந்தின நாள், காது டாக்டர், கீச்சொலிகள் அவனை விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது என்று சொல்லி இரண்டு காதிலும் கருவி மாட்டினார். ரோசெனுக்கு மகிழ்ச்சி இல்லை. கடல்காற்றில் கெட்டுப்போகும், கூட்டத்தில் தொலைந்துபோகும் என்று ஏதேதோ சொல்லிப்பார்த்தாள். கடைசியில், "மேடையில மட்டும் கழட்டி வச்சுடேன்" என்றாள்.

"ஏன், எம்பாட்ட நானே கேக்கக் கூடாதா?"



மறுநாள் மேடையில் வாசிக்க ஆரம்பித்ததும் அவன் இசையே அவனை அறைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று கேட்டது. விசில். நாலா பக்கமும் விசில். அந்த ஊரில் விசிலடித்தால் பாராட்டு இல்லை, இறங்கிப்போ என்று அர்த்தம். வெயிலுக்குக் கண்மேல் கை வைத்துப் பார்த்தான். மத்தி விற்கும் அம்மாள், முன்வரிசையில் தன் வழக்கமான இடத்தில், இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். உயர்ந்த கைகள் எதற்கு உயர்ந்தன என்று இப்போது புரிந்தது. ரோசெனைப் பார்த்தான். மேடையோரத்தில் அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருவியைப் பிடுங்கக் கை காதுவரை போனது. பிறகு இறங்கி அந்தத் திருகுக்கு வந்தது. மெல்லக் குறைத்தான். இத்தனை வருடமாக அடியில் அமுங்கிக் கிடந்த கனத்த ஒலி மேலே வந்தது. விசில் ஒவ்வொன்றாக அடங்கியது. யாரும் கைதட்டவில்லை. அரைமணி முடிந்ததும் வயரைச் சுருட்டினான்.

ரோசென்தான் காரை ஓட்டினாள்.

"எத்தன வருஷமா?"

"மொதல்லேருந்தே."

"ஏன் சொல்லல?"

"எறங்கி வர்றப்ப உம் மூஞ்சிய நீ பாத்ததில்ல."

"ஹெர்வேகிட்ட மேடைய நீதான் கேட்டு வாங்குவியா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். அதுவும் கேட்டது.

"அடுத்த வருஷம் நீ கேக்காத. நானே போய்க் கேக்கறேன்."

"குடுக்க மாட்டான்."

"தெரியும்," என்றான் கூல்வென்.